புற ஊதா டார்ச்சோடு காளான் பார்க்கப் போகிறீர்களா? ஜெர்மனியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்மேற்கு ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில், கறுப்புக் காடு என்ற மலைக்காட்டின் ஓரத்தில் குடியிருக்கிறேன். இங்கே இலையுதிர் காலம் வந்தால் சக ஊழியர்கள் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு காளான் பறிக்கப் போய்விடுவார்கள். எனக்கு அதைச் சாப்பிடும் தைரியம் கிடையாது. ஆனால் இரவில் புற ஊதா ஒளியை அடித்தால் சில காட்டுக் காளான்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் நீலமாகவும் ஒளிரும் என்று ஒருவர் படம் காட்டினார், அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. முதல் வருடம் முழுக்க வீண். தப்பான டார்ச் வாங்கினேன், மூன்று இரவு காட்டுக்குள் போய்க் கத்தரிப்பூ நிறத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்பினேன், நான்காம் இரவு ஒரு வேட்டைக்காரரிடம் திட்டும் வாங்கினேன். அந்த ஒரு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் பச்சையாக மின்னும் காளான் வீடியோக்களை ஊரில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது உயிரொளிர்வு, விளக்கே இல்லாமல் காளான் தானாகத் தருகிற வெளிச்சம். நான் சொல்வது வேறு. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவைக் காளானில் உள்ள சில வேதிப்பொருள்கள் உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பி விடுகின்றன. டார்ச்சை அணைத்தால் அந்த நொடியே நிறம் போய்விடும். ஆகவே இந்த வேலையில் எல்லாமே டார்ச்சைப் பொறுத்தது.

1. டார்ச்: பெட்டியில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

உங்களுக்கு வேண்டியது 365 நானோமீட்டர் (அது ஒளியின் அலைநீளம்) டார்ச். கடைகளில் 10 யூரோவுக்குக் கிடைக்கும் நிறைய எல்இடி விளக்குகள் கொண்டது பெரும்பாலும் 395. நாய் மூத்திரக் கறை கண்டுபிடிக்க அது போதும், காளானுக்குப் போதாது. 395இல் எரியும் விளக்கு கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்தே கொட்டுவதால் மரம், மண், காளான், உங்கள் கை எல்லாமே கத்தரிப்பூ நிறமாகிவிடும், அதற்குள் காளானின் மெல்லிய ஒளிர்வு காணாமல் போய்விடும்.

நான் வாங்கிய முதல் டார்ச்சின் பெட்டியில் 365 என்றுதான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஓர் இணையக் கடை, பெயர் வேண்டாம். திருப்பி அனுப்பலாம் என்றால் அஞ்சல் செலவு டார்ச் விலையை நெருங்கியது, அதோடு விட்டுவிட்டேன்.

உண்மையான 365 எல்இடியும் கொஞ்சம் ஊதாவைக் கசியவிடும். அதனால் முகப்பில் கறுப்பாகத் தெரியும் வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைக் குறிப்பில் 'இசட் டபிள்யூ பி 2' என்று எழுதியிருக்கும் கண்ணாடி அதுதான். அது இல்லாத டார்ச்சை வாங்காதீர்கள், பிறகு தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அளவு பொருந்தாமல் அல்லாடுவீர்கள். நான் இப்போது வைத்திருப்பது கான்வாய் எஸ்2 பிளஸ் வகை, வடிகட்டியோடு 30 யூரோவுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. அதற்கு 18650 என்ற லித்தியம் பேட்டரி தனியாக வாங்க வேண்டும். பேட்டரி இரண்டு, சார்ஜர் ஒன்று என்று இன்னொரு 20 யூரோ ஆனது. ஊருக்குப் போகும்போது எடுத்துப்போவதாக இருந்தால் அந்த உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

வந்ததும் சோதித்துப் பாருங்கள். ரூபாய் நோட்டிலும் யூரோ நோட்டிலும் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள், அது சோதனையே இல்லை, 395இலும் நோட்டு ஓரளவு ஒளிரத்தான் செய்யும். வீட்டில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கும் இல்லையா, அதை எடுங்கள். இருட்டறையில் கண்ணாடி அணிந்துகொண்டு (அடுத்த படியைப் பாருங்கள்), தட்டை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, அதன் மேல் அடியுங்கள். எவர்சில்வர் ஒளிராது. ஆகவே அதில் தெரிவதெல்லாம் டார்ச்சிலிருந்து கசியும் ஊதாதான். தட்டு பளிச்சென்று ஊதாவாகத் தெரிந்தால் ஏமாந்துவிட்டீர்கள். மங்கலாக, கிட்டத்தட்ட இருட்டாகத் தெரிந்தால் நல்ல டார்ச்.

2. கண்ணாடி: 10 யூரோவில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஆபத்து என்னவென்றால், நல்ல 365 டார்ச் எரிவதே தெரியாது. மங்கலாகத்தானே இருக்கிறது என்று முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள். வெளிச்சமாகத் தெரியாததால் கண் மூடிக்கொள்ளாது, கண்மணியும் சுருங்காது, புற ஊதா முழுசாக உள்ளே போகும்.

கட்டுமானப் பொருள்கள் விற்கும் கடைகளில் 'ஈஎன் 170' என்று குறிப்பிட்ட பாதுகாப்புக் கண்ணாடி 10 யூரோ அளவில் கிடைக்கும். அந்த எண் புற ஊதாத் தடுப்புக்கானது. அது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், கறுப்புக் கண்ணாடி வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதன் மேல் மாட்டும் அகலமான வகையைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு லாபமும் உண்டு. புற ஊதா பட்டால் நம் கண்ணின் லென்ஸே லேசாக ஒளிரும், எதிரே பனி மூட்டம் மாதிரி தெரியும். கண்ணாடி போட்டதும் அந்த மூட்டம் விலகிக் காளான் தெளிவாகிவிடும்.

254 நானோமீட்டர் விளக்கையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். கனிமக் கற்கள் சேகரிப்பவர்கள் பயன்படுத்துவது அது. கிருமி கொல்லும் வகை, தோலையும் கண்ணையும் பொசுக்கும். காளானுக்கு அது தேவையே இல்லை.

உங்களோடு வருபவருக்கும் ஒரு கண்ணாடி வாங்குங்கள். டார்ச் வைத்திருப்பவரை விட எதிரே குனிந்து பார்ப்பவர் கண்ணில்தான் அதிகம் படுகிறது.

3. குளியலறையில் ஒத்திகை

எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத ஒரே அறை குளியலறை, ஒத்திகை பார்க்க இதை விட நல்ல இடம் கிடையாது. காட்டுக்குப் போகும் முன் ஒரு வாரம் இங்கே பழகுங்கள், எது எப்படி ஒளிரும் என்று கண்ணுக்குப் பிடிபடும்.

ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு குதிரைச் செஸ்நட் மரம் நிற்கும், ரோஸ்கஸ்டானியே என்பார்கள். கீழே விழுந்து கிடக்கும் ஒரு குச்சியை எடுத்து, பட்டையைக் கொஞ்சம் சீவி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு டார்ச்சை அடியுங்கள். பட்டையிலிருந்து நீல நிறம் நூல் நூலாக இறங்கும். எஸ்குலின் என்ற பொருள் அது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் காளானை விட இதைத்தான் அதிகம் ரசித்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, முடிந்ததும் கொட்டிவிடுங்கள்.

டானிக் வாட்டர் வாங்கினால் அதுவும் நீலமாக ஒளிரும், அதில் உள்ள குயினைன் காரணம். சோப்புத்தூள் போட்டுத் துவைத்த வெள்ளைச் சட்டை, வேட்டி, டிஷ்யூ காகிதம் எல்லாம் பளீரென்று நீல வெள்ளையாகத் தெரியும். அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காட்டில் நீங்கள் ஓடிப்போய்ப் பார்க்கும் முதல் 'அபூர்வக் காளான்' யாரோ மூக்குச் சிந்திப் போட்ட டிஷ்யூவாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது.

அடுத்து, தெரு மரங்களின் பட்டையிலும் கூரை ஓடுகளிலும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும் லைக்கனைப் பாருங்கள். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டு, அதனால் இதுவும் நம் விஷயத்தில் சேர்த்திதான். சாந்தோரியா பரியெட்டினா என்ற அந்த மஞ்சள் லைக்கன் புற ஊதாவில் செம்மஞ்சளாக எரியும். மழையில் நனையாமல் காய்ந்த துண்டாகப் பாருங்கள். ஊரில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம். மாமரத் தண்டில் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் படரும் பிக்சினே கோகோயெஸ் என்ற லைக்கன் டார்ச் பட்டால் மஞ்சளாக ஒளிரும், லைக்கன் ஆய்வாளர்கள் அதை அடையாளம் காண்பதற்கே புற ஊதாவைப் பயன்படுத்துகிறார்கள்.

4. சட்டம், காகிதம், பலகை

இங்கே காட்டுக்குள் நடக்கக் கட்டணமோ அனுமதிச் சீட்டோ கிடையாது. பொழுதுபோக்குக்காகக் காட்டுக்குள் போவது எல்லாருக்கும் உள்ள உரிமை. காளானையும் சொந்தத் தேவைக்குச் சிறிய அளவில் எடுக்கலாம். ஒரு நாளைக்கு ஆளுக்கு 1 கிலோ என்பது இந்தப் பக்கம் சொல்லப்படும் அளவு, ஒளிர்வு பார்க்க வருகிற உங்களுக்கு ஐந்தாறு காளானே தாராளம். ஆனால் கீழே சொல்வதில் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

பச்சை விளிம்பு போட்ட முக்கோணப் பலகையில் 'நட்டுர்ஷுட்ஸ்கெபீட்' என்று எழுதியிருந்தால் அது இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. அங்கே பாதையை விட்டு இறங்காதீர்கள், எதையும் பறிக்காதீர்கள். தேசியப் பூங்காக்களுக்குத் தனி விதிகள் உண்டு, வாசலில் உள்ள பலகையில் படித்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டுவதற்காக மறித்த இடம், கன்று நட்டு வேலி போட்ட இடம், வேட்டைக்காரர்களின் உயர மேடை ஆகியவற்றுக்குள்ளும் போகக் கூடாது. மேடையில் ஏறினால் படம் நன்றாக வரும் என்று ஆசை வரும், வேண்டாம்.

சில காளான்கள் சட்டப்படியே பாதுகாக்கப்பட்டவை. புல்வெளிகளில் சிவப்பும் மஞ்சளுமாக மெழுகு பூசினது மாதிரி இருக்கும் ஹைக்ரோசைபே இனம் முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அல்பாட்ரெல்லுஸ் இனமும் அப்படியே. அழகாக இருக்கிறதே என்று பிடுங்கினால் அபராதம். பெயர் தெரியாத காளானை இருந்த இடத்திலேயே வைத்துப் பாருங்கள், படம் எடுங்கள், வாருங்கள். ஒளிர்வைப் பார்க்கப் பறிக்க வேண்டிய அவசியமே இல்லை.

தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் 30 பேரைக் கூட்டிப்போகலாமா என்று ஒருவர் கேட்டார். எங்கள் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் காட்டில் ஏற்பாடு செய்து நடத்தும் நிகழ்ச்சிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். வீட்டு ஆட்கள், ஒன்றிரண்டு நண்பர்கள் என்று போங்கள். காட்டுப் பாதையில் கார் ஓட்டக் கூடாது, நடைப்பயணிகளுக்கான வண்டி நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். அடையாள அட்டையும் குடியிருப்பு அனுமதி அட்டையும் பையில் இருக்கட்டும். இரவில் காட்டோரம் நிற்கிற வண்டியைப் பார்த்தால் யாராவது போலீஸுக்குச் சொல்வார்கள். போலீஸ் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, டார்ச்சை அடித்து ஒரு காளானைக் காட்டினால் அவர்களே குனிந்து பார்ப்பார்கள்.

5. வேட்டைக்காரர் விஷயம்

இதைத் தனித் தலைப்பாகவே எழுதுகிறேன், எனக்கு அன்று விழுந்த திட்டு அப்படி. இலையுதிர் காலத்தில் அந்தி நேரத்திலும் இரவிலும் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். மேடையில் ஒருவர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். நீங்கள் புற ஊதா டார்ச்சை மட்டும் அடித்துக்கொண்டு, கறுப்பு ஜாக்கெட்டில், புதரில் குனிந்து குனிந்து நடந்தால் அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் இறங்கி வந்து என்னிடம் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதையிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் உள்ளே போகாதே. வெள்ளை வெளிச்சம் எரியும் தலைவிளக்கோடு நட, காளான் அருகே வந்த பிறகு அணைத்துக்கொள். சத்தமாகப் பேசிக்கொண்டே வா. மிளிரும் மேல்சட்டை போடு. 'ட்ரைப்யாக்ட்' என்று பலகை வைத்திருந்தால் அன்று கூட்டு வேட்டை, திரும்பிப் போய்விடு. திட்டி முடித்துவிட்டு டார்ச்சை வாங்கி அவரும் ஒரு சுற்றுப் பார்த்தார் என்பது வேறு கதை.

6. உண்ணி: குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டிய வேலை

காளான் தேடுபவர் முழங்கால் போட்டு உட்காருகிற இடம்தான் உண்ணி இருக்கிற இடம். தெற்கு ஜெர்மனியின் பெரும்பகுதி, எங்கள் கறுப்புக் காடு உட்பட, உண்ணி வழியாகப் பரவும் மூளைக்காய்ச்சலுக்கான அபாயப் பகுதி. இங்கே அதை எஃப்எஸ்எம்இ என்பார்கள். தடுப்பூசி உண்டு, மூன்று ஊசி. முதல் ஊசிக்குப் பின் 1 முதல் 3 மாதத்தில் இரண்டாவது. மூன்றாவது, மருந்தின் பெயரைப் பொறுத்து 5 முதல் 12 மாதம் கழித்து. அதாவது செப்டம்பரில் ஆசை வந்து செப்டம்பரிலேயே ஊசி போட்டால் அந்தப் பருவத்துக்கு அரைகுறைப் பாதுகாப்புதான். ஜனவரி, பிப்ரவரியில் வீட்டு மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அபாயப் பகுதியில் இருப்பவர்களுக்குச் சட்டபூர்வக் காப்பீடே செலவை ஏற்கும். மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தை மறக்காமல் கொண்டுபோங்கள், அதில் எழுதி வாங்கவில்லை என்றால் அடுத்த ஊசிக்குத் தேதி தெரியாமல் தவிப்பீர்கள்.

உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைம் நோய்க்கு இந்த ஊசி உதவாது. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, பிள்ளைகளுக்குத் தலைமுடி ஓரம் என்று தேடுங்கள். கடித்திருந்தால் உடனே உண்ணி இடுக்கியால் எடுத்துவிடுங்கள், எண்ணெய் தடவிக் காத்திருக்காதீர்கள்.

7. எப்போது போவது

செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. நல்ல மழை பெய்து ஒரு வாரம் கழித்து, குளிர் உறைநிலைக்குப் போகாத நாளாகப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். அக்டோபர் நடுவில் இங்கே மாலை 6.40 வாக்கில்தான் சூரியன் மறையும், நன்றாக இருட்ட ஏழரை ஆகிவிடும், பிள்ளைகளோடு போனால் தூக்கத்தோடு சண்டை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும், ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. அந்த இரண்டு மூன்று வாரம்தான் எங்களுக்குப் பருவம். அமாவாசையை ஒட்டிப் போனால் இன்னும் நல்லது, முழுநிலவில் காளான் மங்கிவிடும்.

முக்கியமான ஒன்று. அன்றோ முந்தைய நாளோ பகலில் ஒருமுறை அதே இடத்துக்குப் போய்வாருங்கள். எந்த அடிக்கட்டையில் காளான் இருக்கிறது, எங்கே பள்ளம், எங்கே முள் என்று பார்த்து, கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் இரண்டு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்பது சரியான விகிதம். முதல் வருடம் நான் பகல் நடையைத் தவிர்த்தேன், வேரில் தடுக்கி விழுந்ததில் முட்டி இன்றும் மழைக்கு வலிக்கிறது.

8. எதைத் தேடுவது

முதலில் ஹைஃபோலோமா ஃபாசிகுலாரே. ஜெர்மனில் கந்தகத் தலை என்று பொருள் வரும்படி ஷ்வேஃபெல்கோஃப் என்பார்கள். அழுகும் அடிக்கட்டைகளில் கொத்துக் கொத்தாக, கந்தக மஞ்சளில், பச்சை கலந்த செவுள்களோடு (தொப்பிக்கு அடியில் உள்ள மெல்லிய தகடுகள்) நிற்கும். தேட வேண்டிய அவசியமே இல்லை, எல்லாக் காட்டிலும் இருக்கும். டார்ச் பட்டதும் மஞ்சள் பச்சையாக எரியும் பாருங்கள், முதல்முறை பார்த்தபோது என் மனைவி "ஏங்க, ட்யூப்லைட்டா இது" என்றாள். இது விஷக் காளான். தொடலாம், வாயில் வைக்கக் கூடாது.

அடுத்தது ரூசுலா. சிவப்பு, ஊதா, மஞ்சள் தொப்பி, சாக்பீஸ் மாதிரி பட்டென்று ஒடியும் தண்டு. இதை ஜெர்மானியர் டொய்ப்ளிங் என்பார்கள். இதில் வெறுமே டார்ச் அடித்தால் சில சமயம் ஏமாற்றமாக இருக்கும். சிவப்புத் தொப்பியின் தோலைக் கொஞ்சம் உரித்து ஒரு மூடி தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் டார்ச்சை அடியுங்கள். நீல ஒளி வரும். டெரிடின் வகைப் பொருள்கள் தண்ணீரில் கரைவதால் வருவது. ஊறப்போடச் சின்னக் கண்ணாடிக் குப்பி எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக் டம்ளர் தானே ஒளிர்ந்து கெடுக்கும்.

கோர்ட்டினாரியுஸ் பெரிய கூட்டம். அதில் லெப்ரோசைபின் என்ற பொருள் உள்ள சில வகைகள், கோர்ட்டினாரியுஸ் வெனெட்டுஸ் போல, பளிச்சென்ற மஞ்சளாக ஒளிரும். இதே இனத்தில்தான் சிறுநீரகத்தை அழிக்கும் காளான்களும் இருக்கின்றன. அவற்றைச் சாப்பிட்டவருக்கு முதல் அறிகுறியே சில நாள், சில சமயம் இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொப்பியின் மேலே மட்டும் அடித்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று போய்விடாதீர்கள். செவுள், தண்டின் அடி, கீறிய சதை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பல காளான்களில் ஓர் இடம் மட்டும்தான் ஒளிரும். பிஞ்சும் முற்றியதும் ஒன்றுபோல் இருக்காது.

ஏமாற்றுப் பேர்வழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பாசியும் பச்சை இலையும் அடர் சிவப்பாகத் தெரியும், அது பச்சையத்தின் வேலை, காட்டின் தரையே தணல் மாதிரி ஆகிவிடும். ரொபீனியா மரத்தை வெட்டிய அடிக்கட்டை முழுக்க மஞ்சள் பச்சையாக ஒளிரும், மரமே அப்படி, அதில் காளானைத் தேடி அரை மணி நேரம் செலவழித்தவன் நான். ஊசியிலை மரங்களின் பிசின் வெளிர் நீலமாகத் தெரியும். அழுகிப்போன காளானில் திட்டுத் திட்டாக ஒளிர்வு தெரிந்தால் அது காளானுடையதாக இல்லாமல் அதில் ஏறிய பாக்டீரியாவுடையதாக இருக்கலாம், சூடோமோனாஸ் வகைகள் சில ஒளிரும் பொருளைச் சுரக்கும். புதிதாக முளைத்த, புழு அரிக்காத காளானையே பாருங்கள்.

9. படம் எடுப்பது

கைபேசியே போதும், ஆனால் தானியங்கியில் விட்டால் எல்லாப் படமும் ஊதாவாகவே வரும். கேமரா செயலியில் புரோ அல்லது மேனுவல் என்று இருப்பதைத் திறந்து, வெள்ளைச் சமநிலையை 5500 கெல்வின் அருகே பூட்டிவிடுங்கள். ஐஎஸ்ஓ 100 முதல் 400, ஷட்டர் 2 முதல் 8 நொடி. சின்ன முக்காலி கட்டாயம், 15 யூரோவுக்குள் கிடைக்கும். டைமர் வைத்து அழுத்திவிட்டு, படம் பதிவாகிற அந்த நொடிகளில் டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்தாமல் வண்ணம் பூசுவது போல மெதுவாக அசையுங்கள்.

கைபேசியை அசைக்காமல், கோணத்தை மாற்றாமல், வெள்ளை வெளிச்சத்திலும் ஒரு படம் எடுங்கள். பிறகு வீட்டில் பார்க்கும்போது அந்த வெள்ளைப் படம் இல்லாமல் எது என்ன காளான் என்று உங்களுக்கே தெரியாது. பக்கத்தில் எந்த மரம், எந்தத் தேதி, எந்த அலைநீளம், எந்தப் பாகம் ஒளிர்ந்தது என்று நாலு வார்த்தை குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் படத்தில் மெருகேற்றாதீர்கள். ஒளிர்வின் நிறத்தைக் கண்ணால் கண்டது போல வைப்பதே கஷ்டம், அதில் மெருகு வேறு ஏற்றினால் பிறகு ஒப்பிடப் பயன்படாது.

டார்ச் இரண்டு மூன்று நிமிடத்தில் சூடாகும். விட்டு விட்டுப் பயன்படுத்துங்கள்.

10. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை

'ஒளிர்ந்தால் விஷம், ஒளிராவிட்டால் நல்லது' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். ரூசுலாக்களில் உண்ணக்கூடியவையும் உண்டு, வயிற்றைக் கலக்குபவையும் உண்டு. உண்ணும் ஷ்டொக்ஷ்வெம்ஷன் என்ற காளானும், ஆளையே கொல்லும் கலெரினா மார்ஜினாட்டாவும் ஒரே மாதிரி அடிக்கட்டையில் ஒரே மாதிரி கொத்தாக நிற்கும், அவற்றைப் பிரிக்க டார்ச் உதவாது.

பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் காளான் ஆலோசகரிடம் போங்கள். ஜெர்மன் காளான் ஆய்வுச் சங்கம், அதாவது டிஜிஎஃப்எம், தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுத்த ஆலோசகர்களின் பட்டியலை ஊர்வாரியாகத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கிறது. பலர் இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள், முன்கூட்டி அழைத்து நேரம் கேளுங்கள், செப்டம்பர் அக்டோபரில் கூட்டம் அலைமோதும். காளானைக் கத்தியால் நறுக்கிக் கொண்டுபோகாதீர்கள், அடித்தண்டோடு முழுசாக எடுங்கள், அடையாளமே பல சமயம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வகையையும் தனிக் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் வியர்த்துக் கூழாகிவிடும். ஒரு வகைக்கு இரண்டு, பிஞ்சு ஒன்று முற்றியது ஒன்று, போதும்.

யாராவது, குறிப்பாகப் பிள்ளைகள், வாயில் வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஃப்ரைபுர்க் விஷ முறிவு மையத்தின் எண் 0761 19240, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். கைபேசியில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் நேராக 112. மிச்சக் காளான் துண்டு, சமைத்திருந்தால் சட்டி, எதையும் கழுவாமல் வையுங்கள்.

முதல்முறை ஆலோசகரிடம் போனபோது பெருமையாக என் புற ஊதாப் படங்களைத்தான் முதலில் நீட்டினேன். அவர் "அழகு" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு, காளானை எடுத்து மோந்து பார்த்தார். அப்புறம் கேட்டார், எந்த மரத்தடியில் எடுத்தாய்? எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஒன்பதாம் படியில் மரத்தின் பெயரையும் குறிக்கச் சொன்னேன்.